மிஸ் கல்லு

என்னிடம் படித்த பிள்ளைகள் என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஆய்வில் ஏதாவது கிடைத்திருக்கிறது என்று சொல்ல வந்தால் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன். அவர்களுக்கு முதுகைக் காட்டி, வெளியே சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டேதான் கடைசி வரை கேட்பேன். “மிஸ்ஸுக்கு நம்ம மொகரையப் பாக்கவே பிடிக்கலட்டி” என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. கூட இருந்தவள், “இல்ல, கோவத்த அடக்குதாங்க” என்றாள். இரண்டாவது பிள்ளை உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தாள்.

கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும். ஒளிக்க ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்த பெண்கள் கல்லூரியில் அட்டெண்டரிலிருந்து பிரின்சிபால் வரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. வள்ளென்று விழுவேன். பத்து நிமிஷத்தில் தணிந்துவிடும். ஏசின பிள்ளையையே கூப்பிட்டு, கேன்டீனில் டீயும் ஒரு முட்டைக்கோஸும் வாங்கிக் கொடுப்பேன். முட்டைக்கோஸ் என்றால் காய் இல்லை, கேக் மாதிரி இனிப்பாக ஒன்று, இங்கன டீக்கடையில் எல்லாம் கிடைக்கும். வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். நாற்பத்தைந்து வயது வரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன், என்ன செய்ய.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கல்லூரியில் படிக ஆய்வு என்றால் அது மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய ஸ்டோர் ரூம்தான். சுவரோரம் மரத்தட்டுகள். தட்டு நிறைய பீக்கர்கள். ஒவ்வொரு பீக்கரிலும் ஒரு கரைசல், மேலே ஊசியால் துளை போட்ட தாள் மூடி. தண்ணீர் பைய பைய வற்ற வேண்டும், அப்போதுதான் அடியில் படிகம் நல்ல கட்டியாக விழும். சித்திரை வெயிலில் ஒன்றும் நடக்காது. ஒரே நாளில் வற்றி, பொருக்குத் தட்டிப்போய்க் கிடக்கும். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் காற்று ஊருக்குள் எட்டிப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு அறுவடை. அந்த ரெண்டு மாசம் ஸ்டோர் ரூமில் யாரும் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, கதவைப் படாரென்று சாத்தக்கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓடு என்பேன்.

விழுந்த கட்டியில் கடுகளவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடிக் குழலில் போட்டு, பஞ்சு சுற்றி, பவுடர் டப்பாவுக்குள் வைத்து ரயிலில் மெட்ராஸுக்குக் கொண்டுபோக வேண்டும். எக்ஸ்ரே கருவி அங்கேதான் இருந்தது. அதில் படிகத்தை வைத்துச் சுற்றினால் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம் என்கிற பட்டியலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவோம். அதற்கப்புறம் எல்லாம் கணக்குத்தான். படிகம் என்பது ஒரே மாதிரிப் பெட்டிகளை மேலும் கீழும் பக்கத்திலும் அடுக்கினது. அந்தப் பெட்டிக்குள் எந்த அணு எங்கன உட்கார்ந்திருக்கிறது என்று புள்ளிகளை வைத்துக் கண்டுபிடிக்கிறதுதான் எங்கள் வேலை.

புதிதாக எம்.ஃபில். சேர்கிற பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் புதுப் படிகம் கொடுக்க மாட்டேன். முதலில் என்னுடைய பழைய படிகம் ஒன்றைக் கொடுப்பேன். என் டாக்டர் பட்டத்துக்காக நான் போட்ட அமைப்பு அது. புள்ளிப் பட்டியல் ஃப்ளாப்பியில் இருக்கும், விடை என் ஆய்வேட்டில் இருக்கும். என் எண்களை வைத்து ஆரம்பித்து, கம்ப்யூட்டரில் திருத்திக்கொண்டே போய், நான் முடித்த இடத்தில் வந்து முடிக்க வேண்டும். கத்துக்குட்டிகளுக்கு வசதியான பயிற்சி. பிள்ளைகள் அதற்கு ‘மிஸ் கல்லு’ என்று பேர் வைத்திருந்தார்கள். “மிஸ் கல்லு முடிச்சிட்டியாளா?” என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வார்கள். எனக்கும் அந்தப் பேரில் ஒரு பெருமைதான்.

அந்தக் கல் என்னைப் படுத்தின பாட்டைச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் இரண்டு மூலக்கூறுகள் இருந்தன. இப்படிப்பட்ட படிகத்தில் பெரும்பாலும் நடுவில் ஒரு மையப்புள்ளி இருக்கும். ஒரு மூலக்கூறின் ஒவ்வொரு அணுவுக்கும் அந்தப் புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கம், அதே தூரத்தில், மற்றதன் அணு உட்கார்ந்திருக்கும். அப்படியானால் இரண்டும் உண்மையில் ஒன்றுதான், ஒன்றைத் தெரிந்தால் போதும். மையம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எட்டு மாசம் முட்டினேன். வழிக்கு வரவில்லை. போடி சனியனே என்று, மையம் இல்லை என்று வைத்துப் போட்டேன். ஒரே வாரத்தில் இரண்டு மூலக்கூறும் அழகாக வந்து விழுந்தன. அன்றைக்கு ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

விடை கிடைத்ததும் திரும்பிப் போய், இப்போதாவது மையம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அது இந்தத் தொழிலில் பாலபாடம். வருஷா வருஷம் வகுப்பில் நானே மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். நான் பார்க்கவில்லை. என் ஆய்வு வழிகாட்டிக்கு ரிட்டயர்மென்ட் வந்துகொண்டிருந்தது, எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம் வேறு. இரண்டு மூலக்கூறுக்கும் நடுவில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் தெரிந்தன. ஒன்றில் அணுவுக்கும் அணுவுக்கும் நடுவிலுள்ள ஒரு பிணைப்பு நீண்டிருந்தால் மற்றதில் அதே பிணைப்பு குறுகியிருந்தது. அது ஏன் என்று ஓர் அத்தியாயமே எழுதினேன். அந்த அத்தியாயத்தைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள்.

இப்போது அந்தப் பிள்ளைக்கு வருகிறேன்.

சாத்தான்குளத்துப் பிள்ளை. அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எம்.ஃபில். சேர வந்தபோது அவரும் கூட வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நாற்காலியைக் காட்டினால் உட்காராமல் நின்றே பேசினார். “டீச்சரம்மா, எங்க பக்கம் பிள்ளைய இவ்வளவு படிக்கவச்சதே பெரிய காரியம். ஒரு வருஷம் விடுதேன். மேற்கொண்டு டாக்டர் பட்டத்துக்குப் படிக்கணும், பெங்களூர் போகணும்னு சொல்லுதா. எனக்கு அது என்ன ஏதுன்னு தெரியாது. வருஷக் கடைசியில வருவேன். இவளுக்கு அது வரும்னு நீங்க சொன்னா அனுப்புதேன். வராதுன்னா பி.எட். போட்டுருவேன். உங்க வாக்குதான்.”

“பாத்துக்கிடலாம் அண்ணாச்சி” என்றேன், பெரிய நியாயாதிபதி மாதிரி.

ஒல்லியான பிள்ளை. கேட்டால்தான் பேசுவாள். ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது, எண்களை எங்கே கண்டாலும் கூட்டுவாள். பஸ் டிக்கெட் எண், வகுப்பு வருகைப் பதிவு எண், எதுவானாலும் விரல் தானாக அசையும். படிகம் வளர்ப்பதில் அவளுக்குக் கை ராசி கிடையாது, மூன்று பீக்கரைப் போட்டு உடைத்தாள். அதற்கும் ஏசினேன். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவள் வேறு ஆள். எங்களிடம் இருந்ததோ ஒரே கம்ப்யூட்டர், அதுவும் மின்சாரம் இருக்கிற நேரம்தான். மற்ற பிள்ளைகள் தங்கள் முறை வந்தபிறகு யோசிக்க ஆரம்பிப்பார்கள். இவள் யோசித்து, தாளில் எழுதி முடித்துவிட்டுத்தான் உட்காருவாள்.

மிஸ் கல்லைக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டியது, ஒரு மாசமாகியும் வரவில்லை. கேட்டால், “பாத்துட்டிருக்கேன் மிஸ்” என்பாள். ஒருநாள் முற்பகல், மற்ற மூன்று பிள்ளைகளும் இருக்கும்போது, நோட்டோடு என் மேஜைக்கு வந்தாள்.

“மிஸ், இது ரெண்டு இல்ல, ஒண்ணுதான்னு நெனைக்கேன்.”

“எது?”

“உங்க மூலக்கூறு.”

நோட்டை விரித்தாள். நடந்தது இதுதான். என் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது தட்டச்சில் பிழை வராமல் இருக்க, முதல் மூலக்கூறை இடப்பக்கமும் இரண்டாவதை வலப்பக்கமும் எழுதி, வழக்கம்போலக் குறுக்கே கூட்டியிருக்கிறாள். பெட்டிக்குள் ஒரு அணு இருக்கிற இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும். முதல் எண்ணை எதிர் அணுவின் முதல் எண்ணோடு கூட்டினால் புள்ளி எட்டு மூன்று. அடுத்த ஜோடிக்கும் புள்ளி எட்டு மூன்று. அதற்கடுத்ததற்கும் அதுவே. இரண்டாவது எண்ணிலும் மூன்றாவது எண்ணிலும் இதே கதைதான், ஒவ்வொன்றுக்கும் ஒரே தொகை. எல்லா ஜோடிக்கும் கூட்டுத்தொகை ஒன்றேயானால், அதில் பாதியில் ஒரு புள்ளி இருக்கிறது, எல்லா அணுவும் அந்தப் புள்ளிக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அதுதான் மையம், நான் இல்லை என்று எழுதின மையம்.

இன்றைக்கு நாலு வரியில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்த நோட்டை நான் அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது இலக்கத்தில் அங்கொன்று இங்கொன்றாக எண் மாறியிருந்தது மட்டும் கண்ணில் பட்டது.

“இது எட்டு மூணு நாலு, இது எட்டு மூணு ஒண்ணு. இதைப் போயி ஒண்ணுங்கியா?”

“அளவுல வர்ற பிழைதான் மிஸ் அது. மையம் இருக்குன்னு வச்சு ஒரு தடவ போட்டுப் பாக்கட்டா? நீண்டது குறுகினது எல்லாம்கூடச் சரியாயிரும்னு...”

அந்த ‘சரியாயிரும்’ என்கிற வார்த்தைதான். அப்படியானால் இவ்வளவு காலம் சரியில்லாமல் இருந்ததா? மற்ற மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் மிஸ் கல்லை முடித்து, ‘அப்படியே வந்துட்டு மிஸ்’ என்று காட்டியவர்கள். வராமல் என்ன செய்யும்? என் எண்ணிலேயே ஆரம்பித்தால் என் எண்ணில்தானே வந்து நிற்கும்.

“கோட்டி பிடிச்சிருக்காட்டி உனக்கு?” என்றேன். “நான் எட்டு மாசம் பாக்காத மையத்த நீ ஒரு மாசத்துல பாத்துட்டியாக்கும்? பீக்கர் கழுவத் தெரியல, மையம் கண்டுபிடிக்க வந்துட்டா!” நோட்டை எடுத்து எறிந்தேன். அது போய் இரும்பு அலமாரி மேல் விழுந்தது. யாராவது சிரித்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. என் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

பத்து நிமிஷத்தில் கோபம் தணிந்தது, வழக்கம்போல. டீக்குக் கூப்பிட்டேன். “வேண்டாம் மிஸ்” என்றாள்.

அதற்கப்புறம் அவள் மையத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டே வாரத்தில் மிஸ் கல்லை நான் முடித்த இடத்தில் முடித்துக் கொண்டுவந்தாள். தன் ஆய்வேட்டில் முதல் அத்தியாயமாக அதைச் சேர்த்து, இரண்டு மூலக்கூறுகளும் வேறுவேறு என்று என் வாசகத்தையே எழுதினாள். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன், அட கடவுளே. தனக்குச் சரி என்று தெரிந்ததை விட்டுவிட்டு, தப்பு என்று தெரிந்ததை என் கண்ணுக்கு எதிரே எழுதிக் கொடுத்திருக்கிறாள். விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சம்பளம் வாங்கின நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

வருஷக் கடைசியில் சொன்னபடி அப்பா வந்தார். இந்தத் தடவையும் உட்காரவில்லை. பிள்ளை அவருக்குப் பின்னால், கதவோரம் நின்றாள்.

“என்ன சொல்லுதீங்க டீச்சரம்மா? வருமா?”

பொய் சொல்லக்கூடாது, எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. இருந்தும் மனசுக்குள் அந்த ‘சரியாயிரும்’ முள் மாதிரிக் கிடந்தது. சொன்னதைக் கேட்க ஒரு பக்குவம் வேண்டும், இவளுக்கு அது இல்லை என்று நானாக ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தேன். உடைந்த பீக்கர்களும் ஞாபகத்துக்கு வந்தன.

“நல்ல பிள்ளைதான் அண்ணாச்சி. ஆனா ஆராய்ச்சிக்கு இது போதாது. கவனம் பத்தாது. பி.எட். படிக்கவைங்க, நல்ல டீச்சரா வருவா.”

அவர் தலையை ஆட்டினார். ஒரு பனையோலைப் பெட்டியில் கருப்பட்டி கொண்டுவந்திருந்தார், மேஜையில் வைத்தார். பிள்ளை என்னைப் பார்த்து, “போயிட்டு வாரேன் மிஸ்” என்றாள். அவ்வளவுதான். அந்தக் கருப்பட்டியில் ஒரு மாசம் காபி குடித்தேன்.

அடுத்த வருஷம், சித்திரை மாசம். பெங்களூரில் இருந்த ஒரு சிநேகிதி புது மென்பொருள் ஒன்றை ஃப்ளாப்பியில் அனுப்பியிருந்தாள். முடித்த அமைப்பைக் கொடுத்தால் அதில் குறை ஏதும் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும். பரீட்சை பார்க்க, எல்லாம் சரியாக இருக்கிற ஒன்றைக் கொடுப்போம் என்று மிஸ் கல்லைக் கொடுத்தேன். திரையில் ஒரு வரி வந்தது. மையம் தவறவிடப்பட்டிருக்கலாம், கவனிக்கவும். சவத்து மிஷின் என்று ஏசினேன். மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் அதே வரி. அதற்குள் மின்சாரம் போய்விட்டது.

மத்தியானம் இரண்டு மணி. ஃபேன் நின்றுபோய், ஸ்டோர் ரூம் அடுப்பு மாதிரிக் கொதித்தது. விடுமுறை, ஒரு பிள்ளையும் இல்லை. கம்ப்யூட்டர் இல்லாமல் இதை எப்படிச் சரிபார்க்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் அலமாரி ஞாபகம் வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். நோட்டு அங்கேயேதான் கிடந்தது. அவள் எடுக்கவில்லை. தூசி தட்டித் திறந்தேன்.

பென்சிலை எடுத்து நானே கூட்டினேன். புள்ளி எட்டு மூன்று. புள்ளி எட்டு மூன்று. புள்ளி எட்டு மூன்று. மூன்றாவது இலக்கத்தில் வந்த மாற்றங்களெல்லாம் அளவுப் பிழைக்குள் அடங்கின. அவள் சொன்னதேதான். கடைசி ஜோடி வரைக்கும் கூட்டினேன். ஒன்றாவது மாறாதா என்று ஆசைப்பட்டுக் கூட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தைத் திருப்பினால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவள் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். மிஸ்ஸிடம் கேட்டுவிட்டு, என்று முதல் வரி.

மின்சாரம் வந்ததும் அவள் எழுதி வைத்திருந்த வரிசைப்படியே போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நீண்டதும் குறுகினதும் காணாமல் போயின. எல்லாப் பிணைப்பும் புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஒழுங்காக வந்து நின்றது. நான் ஓர் அத்தியாயம் எழுதிப் பாராட்டு வாங்கின வித்தியாசம் படிகத்தில் இல்லவே இல்லை, என் கணக்கில்தான் இருந்தது.

உடனே ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஓடவில்லை. பன்னிரண்டு நாள் சும்மா இருந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. பழைய ஆய்வேட்டை இனி யார் புரட்டப்போகிறார்கள்? ஃப்ளாப்பியை உள்ளே தள்ளிவிட்டு, வருகிற பிள்ளைகளுக்கு வேறு படிகம் கொடுத்தால் முடிந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே நினைப்புத்தான். படிகம் போகட்டும், அதைத் திருத்திவிடலாம். ‘கவனம் பத்தாது’ என்று நான் சொன்ன வாக்கு? கவனம் பத்தாதது யாருக்கு? அதை நினைத்தால் அவமானத்தில் காது சுட்டது.

கடைசியில் ஒரு திருத்தக் கட்டுரை எழுதினேன். என் தவற்றைச் சொல்லி, சரியான அமைப்பைக் கொடுத்து, முதல் பெயராக அவள் பெயரைப் போட்டேன். அதையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு சாத்தான்குளம் பஸ் ஏறினேன். வழி முழுக்க வெயில், பனை, செம்மண். எப்படி ஆரம்பிக்கிறது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வகுப்பில் நிறுத்தாமல் பேசுகிற வாய்க்கு ஒரு வாக்கியம் அமையவில்லை.

கடைத்தெருவில் கேட்டதுமே கடையைக் காட்டிவிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து, துண்டால் ஸ்டூலைத் தட்டிப் போட்டார். இந்தத் தடவை நான் உட்காரவில்லை.

“அண்ணாச்சி, அன்னைக்கு நான் உங்ககிட்ட சொன்னது தப்பு. ஒரு விஷயத்துல உங்க மக சொன்னதுதான் சரி. நான்தான் பாக்காம ஏசிட்டேன். அந்தக் கோவத்துலதான் உங்களுக்கும் அப்படிச் சொன்னேன். அவளுக்கு ஆராய்ச்சி வரும். என்னை விட நல்லாவே வரும்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் முன்னால் இருந்த கருப்பட்டிகளை ஓலைப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“அது எனக்குத் தெரியும் டீச்சரம்மா.”

“தெரியுமா?”

“அன்னைக்குத் திரும்பி வரும்போது பஸ்லயே சொன்னா. அப்பா, நான் சொன்னதுதான் சரி, மிஸ் பாக்க மாட்டேனுட்டாங்கன்னு. பாளையங்கோட்டையில ஏறி இங்கன இறங்குத வரைக்கும் அதையேதான் சொல்லிட்டு வந்தா. அவ்வளவு பேசுத பிள்ளையே கிடையாது அது. நான்தான், வாய மூடு, அவ்வளவு படிச்சவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிட்டோன்னு சத்தம் போட்டேன்.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “நான் பெத்த பிள்ளைய நம்பல டீச்சரம்மா. உங்கள நம்புனேன்.”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவரே மேலும் சொன்னார். “பி.எட். முடிச்சிட்டா. பரீட்சை எழுதின கையோட இங்கனயே பள்ளிக்கூடத்துல வரச்சொல்லிட்டாவ. லீவுலயும் பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கு, இப்ப வந்துருவா. நீங்க வாய் திறந்து சொல்லியாச்சு, போதும். இப்பவே கூட்டிட்டுப் போங்க, பெங்களூரோ எங்கனயோ, நான் அனுப்புதேன்.”

எனக்கு உயிர் வந்தது. இன்னும் நேரமிருக்கிறது, ஒரு வருஷம்தானே போயிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அவள் வந்தாள். சேலை கட்டியிருந்தாள், கையெல்லாம் சாக்பீஸ் தூசி. என்னைப் பார்த்ததும் மாணவி மாதிரியே ஒதுங்கி நின்றாள். நோட்டை நீட்டினேன். வாங்கிப் புரட்டி, நான் பென்சிலில் கூட்டியிருந்ததைப் பார்த்தாள். கட்டுரையைக் கொடுத்தேன். கடை வாசலில் நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்தாள். எண்கள் இருந்த பக்கம் வந்ததும் விரல் அசைந்தது.

“நீ சொன்னதுதான் சரி பிள்ள. நான் உனக்குப் பெரிய அநியாயம் பண்ணிட்டேன்” என்றேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க மிஸ்” என்றாள். கையெழுத்துப் போட்டாள். அப்பா பூரித்துப்போய், “டீச்சரம்மா கூடப் போ பிள்ள, நான் அனுப்புதேன்” என்றார். அவள் அவரைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்துவிட்டு, “மிஸ்ஸ பஸ் ஏத்திட்டு வாரேம்பா” என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் வேப்பமரம் ஒன்று இருந்தது. அதன் நிழலில் நின்றோம். நான்தான் பேசினேன். பெங்களூரில் யாருக்கு எழுதலாம், எப்போது விண்ணப்பம், எங்கே தங்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். என்னிடம் வரவேண்டாம், வேறு நல்ல இடம் பார்த்துத் தருகிறேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“இல்ல மிஸ், நான் போகல.”

“ஏன்? அப்பாதான் சரின்னுட்டாரே. இன்னும் என் மேல கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல மிஸ். அப்ப இருந்துச்சு. இப்ப இல்ல.” ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பி.எட். படிக்கும்போது ப்ராஜக்ட் ஒண்ணு பண்ணினேன். எனக்கு விடை கிடைச்சிட்டு. நல்லாத் தெரியும், சரியான விடை. ஆனா எழுதினதும் எதிர்ல இருந்த சாரோட மொகத்தத்தான் மிஸ் பாத்தேன். அவரு மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு, அழிச்சிட்டேன். பொறவு அவரே கேக்காரு, சரியாத்தானம்மா இருந்துச்சு, ஏன் அழிச்சேன்னு.”

நான் கையிலிருந்த கட்டுரையைப் பைக்குள் வைத்தேன்.

“நீங்கதான் மிஸ் சொல்லிக்கொடுத்தீங்க, கல்லைப் பாரு, கல்லு என்ன சொல்லுதோ அதை எழுதுன்னு. எனக்கு இப்பல்லாம் கல்லு தெரியல. மொகந்தான் தெரியுது. பெங்களூர் போனாலும் எதிர்ல ஒருத்தங்க உக்காந்துதான இருப்பாங்க.” அவள் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை, எனக்கு விளங்கவைக்கிற குரலில்தான் சொன்னாள். “பள்ளிக்கூடத்துல பிள்ளைங்கதான் என் மொகத்தப் பாக்கும். அது எனக்குப் பரவால்ல. நான் சிரிச்சிக்கிட்டே இருப்பேன்.”

பஸ் வந்தது. கூட்டமில்லை, ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் கீழே நின்று, அப்பா கொடுத்தனுப்பின ஓலைப் பெட்டியை ஜன்னல் வழியாக நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். “பாத்துப் போங்க மிஸ்” என்றாள். நேருக்கு நேர், ஒரு முழம் தூரத்தில், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.